யாரும் தடுக்காத கூடை

மகனின் இதயத்தில் கோளாறு என்று டாக்டர்கள் சொன்ன நாளிலிருந்து ஆர்லெட்டா பிக்கெட் எங்கே போனாலும் தோளில் ஒரு சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு போனாள். சாப்பாட்டுப் பை அளவுதான் இருக்கும். உள்ளே, நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்து எழுப்புகிற பெட்டி. தேவாலயத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் அது உட்காரும். அவள் ஓட்டும் பள்ளிக்கூடப் பேருந்தில் இருக்கைக்குப் பின்னால் தொங்கும். மகன் டேவியன் ஒரு மணி நேரத் தொலைவில் எல்க் ஃபோர்க் கல்லூரியில் இருக்க, இங்கே ஃபோர்ட் வெய்னில் பேருந்துக்குள் அது எதற்கு என்று யாராவது கேட்டால் அவள் கதவை மூடி வண்டியைக் கிளப்பிவிடுவாள். டேவியன் அந்தப் பைக்குத் தம்பி என்று பெயர் வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்தால் முதல் கேள்வியே தம்பி சாப்பிட்டானா என்பதாக இருக்கும்.

சீசன் தொடங்குவதற்கு முன் விளையாட்டுப் பையன்களை வரிசையில் நிறுத்தி டாக்டர் பார்ப்பது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். முட்டியைத் தட்டுவார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவார்கள். கூடைப்பந்து ஆடுகிற டேவியனும் மூன்று வருடம் அப்படித்தான் தேறினான். நான்காம் வருடம் கல்லூரி மருத்துவர் புதியவர், நெஞ்சில் ஒயர் ஒட்டி இசிஜி எடுத்தார், பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். இதயத்தின் சுவர் இருக்கவேண்டியதைவிடத் தடித்திருந்தது. நடக்கலாம், படிக்கலாம், கல்யாணம் கட்டலாம், கிழவனும் ஆகலாம். ஓடிக் குதித்து விளையாடினால் மட்டும் அது எந்த நிமிடமும் தாளம் தப்பி நின்றுவிடலாம். ஒரு ஆட்டத்துக்கும் அனுமதி இல்லை என்றார் மருத்துவர். பெரிய ஊருக்குப் போய் இன்னொரு டாக்டரைப் பார்த்தார்கள். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் கனிவாக.

அந்தக் கனிவான டாக்டர்தான், இது குடும்பத்தில் வருகிற நோய், அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆர்லெட்டாவின் கணவன் ரூஃபஸ் சரக்கு லாரி ஓட்டியவன். முப்பத்தாறு வயதில், ஒஹையோ போகிற நெடுஞ்சாலையில் பாலத்துத் தூணில் மோதிச் செத்தான். ஓட்டும்போது தூங்கிவிட்டான் என்று போலீஸ் சொன்னது. தூங்கிவிட்டுப் போ என்று அன்று அவள் அத்தனை முறை சொன்னாள், அவன் கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையைத் தன் தலையில் கட்டிவிட்டுப் போன அந்த மனிதன்மேல் இத்தனை வருடமும் அவளுக்குத் தீராத கோபம் இருந்தது. கல்லறைக்குப் போனால்கூடப் பூவை வைத்துவிட்டு இரண்டு திட்டுத் திட்டிவிட்டுத்தான் வருவாள். அவர் தூங்கியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன் என்றார் டாக்டர். ஆர்லெட்டா அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். டேவியன் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அதற்குப்பின் குளிர்காலம் முழுக்க அவன் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான், கைதட்டினான், சிரித்தான். எல்லோரும் அவனை மெச்சினார்கள். எவ்வளவு பக்குவம் பாருங்கள் என்று ஆர்லெட்டாவிடம் வந்து சொன்னார்கள். அவளுக்கு அந்தப் பக்குவம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சின்ன வயதில் காய்ச்சல் முற்றும்போதுதான் அவன் அப்படிச் சமர்த்தாக இருப்பான்.

பிப்ரவரியில் டெக்ஸஸிலிருந்து ஒரு கல்லூரி கூப்பிட்டது. கல்லூரிக்காக மொத்தம் நான்கு வருடம் ஆடலாம் என்பது விதி, நான்காவதை உட்கார்ந்தே கழித்ததால் அவன் கணக்கில் இன்னும் ஒரு வருட ஆட்டம் மிச்சமிருந்தது. மேல்படிப்புக்கு எங்களிடம் வா, எங்கள் டாக்டர் அனுமதி தருவார், ஆபத்து தெரிந்துதான் ஆடுகிறேன் என்று நீ எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும். அந்த வார நடுவில் டேவியன் வீட்டுக்கு வந்தான். ஆர்லெட்டா மக்ரோனியும் கீரையும் செய்து வைத்திருந்தாள். அவன் தட்டில் கோலம் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

"அவங்க டாக்டர் கையெழுத்துப் போடறேங்கறார்மா."

"நான் பெத்த புள்ளைக்கு எவன்டா கையெழுத்துப் போடறது?"

"எனக்கு இருபத்திரெண்டு வயசு."

"உங்கப்பனுக்கு முப்பத்தாறு."

அவன் கரண்டியை வைத்துவிட்டான். சண்டைக்கு வருவான் என்று பார்த்தாள். வரவில்லை. மெதுவாகத்தான் பேசினான்.

"பெஞ்சுல உக்காந்திருக்கிறது எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா? செத்தவனுக்கு சூட்டு மாட்டி நடுவுல உக்கார வெச்ச மாதிரி இருக்கு. எல்லாரும் வந்து தோளைத் தட்டிட்டுப் போறாங்க. ஒருத்தனும் என்மேல இடிக்கிறதில்ல. ஒரு வருஷமாச்சும்மா ஒருத்தன் என்னை இடிச்சு."

போகிறேன் என்றும் அவன் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் தன் வயிற்றில் பிறந்தவனின் முகம் அவளுக்குத் தெரியாதா? அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போதே அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். தடுப்பதில்லை. செத்தவன்மேல் கோபப்பட்டே பாதி ஆயுளைத் தொலைத்தாயிற்று, உயிரோடு இருப்பவனையும் கோபத்தோடு அனுப்ப அவளால் ஆகாது. அவன் எங்கே ஆடினாலும் முன்வரிசையில் அந்தப் பெட்டியோடு உட்காருவது என்று முடிவுசெய்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்ற பயம்.

மறுநாள் எல்க் ஃபோர்க் அணியின் கோச் ப்ரூக்னர் தொலைபேசியில் வந்தார். இடியே விழுந்தாலும் சூயிங்கம் மெல்வதை நிறுத்தாத மனிதர், அன்று மெல்லாமல் பேசினார். சனிக்கிழமை மத்தியானம் கல்லூரியின் சொந்த அரங்கில் சீசனின் கடைசி ஆட்டம். படிப்பு முடிக்கிற பையன்களை அம்மா அப்பாவோடு ஆடுகளத்தின் நடுவுக்கு அழைத்துவந்து, அம்மாக்களுக்குப் பூங்கொத்துக் கொடுத்து மரியாதை செய்கிற நாள். அடிபட்டு ஆட முடியாமல் போன பையன் யாராவது இருந்தால் அவனுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கோச்சும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள். முதல் பந்தை அவன் கையில் கொடுப்பார்கள். எதிரணி கையைத் தொங்கப்போட்டு நிற்கும். அவன் கூடைக்கு அடியில் போய்ப் பந்தைப் போடுவான். சரிக்குச் சரியாக எதிரணிக்கும் ஒரு கூடை சும்மா தருவார்கள். விசில் ஊதும், அவன் வெளியே வந்து எல்லோரையும் கட்டிப்பிடிப்பான், பிறகு நிஜ ஆட்டம் தொடங்கும். டேவியனுக்கும் அதைச் செய்ய வேண்டும் என்றார் கோச். மருத்துவரிடமும் பேசியாகிவிட்டது. நடக்கலாம், நின்ற இடத்திலிருந்து பந்தைப் போடலாம். ஓடவோ குதிக்கவோ கூடாது.

"அவன் என்ன சொன்னான்?" என்று ஆர்லெட்டா கேட்டாள்.

"பிச்சை வேணாம் கோச்னு சொன்னாம்மா. அப்புறம் போகும்போது திரும்பி வந்து, எங்கம்மாவுக்குப் பூ கிடைக்குமில்லன்னு கேட்டான். கிடைக்கும்னேன். அப்ப சரின்னுட்டான்."

சனிக்கிழமை அவள் தேவாலயத்துக்குப் போடுகிற ஊதாக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சாலையோரப் பனி கரிபிடித்துக் கிடந்தது. அரங்கு நிரம்பியிருந்தது. ஊரில் கடை வைத்திருக்கிறவன், பன்றி வளர்க்கிறவன், பல் பிடுங்குகிறவன் எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு வந்திருந்தார்கள். இந்தியானா மாநிலத்தில் ஞாயிறு தேவாலயத்துக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், கூடைப்பந்துக்கு வராதவனை மன்னிக்கமாட்டார்கள். பையன்களின் காயங்களைக் கவனிக்கிற கிரெட்சன் என்ற பெண் ஆர்லெட்டாவை அழைத்துப்போய், பெஞ்சுக்குப் பக்கத்திலேயே, ஆடுகளத்தின் எல்லைக்கோட்டை ஒட்டினாற்போல ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். எங்களிடமும் இதே பெட்டி இருக்கிறது, நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்றாள். இருக்கட்டும் என்றாள் ஆர்லெட்டா.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது டேவியன் கோட்டு சூட்டில்லாமல் வந்தான். பதினொன்றாம் எண் சட்டை. இந்த வருடம் அவன் அதைப் போட்டு அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தோள் கொஞ்சம் இளைத்திருந்தது. அவள் கையைப் பிடித்து நடுவுக்குக் கூட்டிப்போனான். கோச் பூவைக் கொடுத்தார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். மகன் அவள் காதருகே குனிந்து, தம்பியைக் கீழே இறக்கிவைக்கக்கூடாதா, போட்டோவில் சாப்பாட்டுக் கூடையோடு நிற்கிற மாதிரி விழும் என்றான். நீ ஒழுங்காக நட என்று அவள் பல்லைக் கடித்தபடி சிரித்தாள்.

நாற்காலிக்குத் திரும்பியபோது எதிரணிப் பக்கம் கண் போயிற்று. செயின்ட் ஓடிலோ கல்லூரிப் பையன்கள். அவர்களுடைய கோச், ஒரு நரைத்த ஒல்லி மனிதர், நெட்டைப் பையன் ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழடிக்குச் சற்றுத்தான் குறைவான அவன் பெயர் ப்ரெக்கன் ஸ்டால். முதல் வருடம், பண்ணைவீட்டுப் பையன், சோளத்தட்டை நிறத்தில் தலைமுடி. தலையைத் தலையை ஆட்டினான். கூடைக்கு முன்னால் எவன் பந்தைத் தூக்கினாலும் கையைத் தூக்கு என்று நாலு வயதிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளையிடம், இன்று ஒரு தடவை மட்டும் தூக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விசில் ஊதியது. பந்து மேலே எறியப்பட்டது, எதிரணி எம்பவே இல்லை. பந்து டேவியனிடம் வந்தது. அவன் அதைத் தட்டிக்கொண்டே நடந்தான். அத்தனை பேர் இருந்த அரங்கில் பந்து தரையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. வழியில் நின்றவர்கள் கையைத் தொங்கப்போட்டு, கண்ணைத் தாழ்த்தி, சவ ஊர்வலத்துக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கினார்கள். மகனின் முகத்தை ஆர்லெட்டா பார்த்தாள். அதே பெஞ்சு முகம், அதே பக்குவம். அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இவன் டெக்ஸஸுக்குப் போகப் போகிறான்.

டேவியன் கூடைக்கு அடியில் நின்றான். பக்கத்தில் ப்ரெக்கன் ஸ்டால் மரம் மாதிரி நின்றான். டேவியன் நின்ற வாக்கில் பந்தை உயர்த்தி விட்டான்.

பந்து கையைவிட்டுக் கிளம்பியதுதான் தாமதம், ப்ரெக்கனின் வலது கை தானாக மேலே போயிற்று. பளாரென்று ஒரு சத்தம். பந்து கூடைக்குப் பின்னிருந்த பலகையில் மோதித் தரையில் விழுந்து உருண்டது.

ப்ரெக்கன் தன் கையையே பார்த்தான், அது தன்னுடையதுதானா என்பதுபோல. மற்ற எட்டுப் பேரும் சொன்ன சொல் மாறாமல் சிலையாக நின்றார்கள். டேவியன் மட்டும் நிற்கவில்லை. யாரைக் கேட்டும் அவன் அதைச் செய்யவில்லை. இரண்டே எட்டில் பாய்ந்து பந்தை அள்ளினான், திரும்பினான், ப்ரெக்கனின் நெஞ்சில் தன் தோளை வைத்து இடித்தான். அந்தப் பிள்ளைக்கும் உடம்பு அதுவாகவே பதில் சொல்லிற்று, கையை விரித்து மறித்தான். டேவியன் பந்தைத் தூக்குவதுபோல் ஒரு பாசாங்கு காட்டினான். ப்ரெக்கன் எம்பினான். அவன் இறங்குவதற்குள் டேவியன் அவனுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் எம்பி, ஒற்றைக் கையால் பந்தைப் பலகையில் சாத்தினான். பந்து வலைக்குள் விழுந்தது.

ஆர்லெட்டா பார்த்தது அதில் ஒன்றே ஒன்றுதான். மகனின் இரண்டு காலும் தரையில் இல்லை. எழுந்தது அவளுக்கு நினைவில்லை. பூவை எங்கே போட்டாள் என்பது நினைவில்லை. அடுத்து அவளுக்குத் தெரிந்தபோது கூடைக்குப் பக்கத்தில், ஊதாக் கோட்டோடு, தரையில் மண்டியிட்டிருந்தாள். பை திறந்திருந்தது. நெஞ்சில் ஒட்டவேண்டிய இரண்டு பட்டைகளும் தாள் உரித்த நிலையில் இரண்டு கையிலும் இருந்தன. அவன் விழப்போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெறும் பலகைத் தரைதான் இருந்தது.

டேவியன் நின்றுகொண்டு சிரித்தான். பெஞ்சுச் சிரிப்பு இல்லை, வாய் கொள்ளாத சிரிப்பு, பத்து வயதில் தெருமுனைக் கூடையில் பெரிய பையன்களைத் தோற்கடித்துவிட்டு வந்து சிரிக்கிற சிரிப்பு. அழ ஆரம்பித்திருந்த ப்ரெக்கனின் தலையைப் பிடித்து ஆட்டினான்.

அப்போது பெட்டி பேசியது. மூடியைத் திறந்தால் வழி சொல்கிற மாதிரி செய்த பெட்டி அது. அந்த அமைதியில் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

"பதற வேண்டாம். நோயாளியின் சட்டையை அகற்றவும். பட்டைகளை வெற்று மார்பில் ஒட்டவும்."

டேவியன் திரும்பினான். தரையில் மண்டியிட்டிருந்த அம்மாவைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. வந்து அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அம்மா. நான் விழல. இங்க பாரு, நல்லா இருக்கேன்."

அவளால் கையை இறக்க முடியவில்லை. பெட்டி மறுபடியும் சட்டையை அகற்றச் சொன்னது. அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பட்டைகளை வாங்கினான். பொத்தானைத் தேடி அழுத்தினான். மூடியை மூடினான். பிறகு அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். அது தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கிரெட்சன் ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள், அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். கோச் ப்ரூக்னர் முகத்தில் ஈயாடவில்லை.

இனி வழக்கப்படி எதிரணிக்கு ஒரு கூடை சும்மா தரவேண்டும். நடுவர் பந்தை எடுத்துக்கொண்டு செயின்ட் ஓடிலோ கோச்சிடம் போனார். அந்த ஒல்லி மனிதர் கையை அசைத்து மறுத்தார்.

"எங்களுக்கு வேணாங்க. நாங்க தடுக்கத்தானே பாத்தோம்? முடியல. அவன் போட்டது போட்டதுதான்."

அப்போதுதான் அரங்கம் வாய் திறந்தது. அந்த இரைச்சலைப் பற்றி எல்க் ஃபோர்க்கில் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆர்லெட்டாவின் காதில் எதுவும் விழவில்லை.

ஆட்டம் முடிந்து, இருவரும் உடைமாற்றும் அறைக்கு வெளியே நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ப்ரெக்கன் ஸ்டால் நடைபாதைக் கதவுக்குக் குனிந்து வந்தான். மிதிபட்ட பூங்கொத்தை நிமிர்த்தி நீவிக் கொண்டுவந்திருந்தான். ஆர்லெட்டாவிடம் கொடுத்துவிட்டு, டேவியனைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"மன்னிப்பெல்லாம் கேக்காதடா. இந்த வருஷம் என்னை ஆட்டக்காரனா மதிச்சது உன் கை ஒண்ணுதான்," என்றான் டேவியன். "ஆனா பாசாங்குக்கு அவ்வளவு சீக்கிரம் எம்பாத. அது கெட்ட பழக்கம்."

அந்தப் பிள்ளை அழுகையும் சிரிப்புமாகப் போனான். டேவியன் கொஞ்ச நேரம் சிவப்புப் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தான்.

"டெக்ஸஸுக்கு நான் போனா நீயும் வருவியா?"

"வருவேன்."

"வேலை?"

"அங்க மட்டும் புள்ளைங்க நடந்தா ஸ்கூலுக்குப் போகுதுங்க? பஸ்ஸு எல்லா ஊர்லயும் ஓடும்."

"எல்லா மேட்சுக்கும் வந்து முன்னாடி உக்காருவ. இவனைத் தூக்கிட்டு."

"ஆமா."

"நான் ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும்…" அவன் பையின் வாரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். "போகாதன்னு ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்கப்பன் மேல பட்ட கோபமே எனக்குப் போதும்டா. உன்மேலயும் கோபப்பட என்னால ஆகாது."

அவன் எழுந்து நடைபாதையின் கோடிவரைக்கும் போய்த் திரும்பி வந்தான். சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தான். அவள் எதிரிலேயே, நின்றபடி கூப்பிட்டான். அந்தப் பக்கத்து ஆள் உற்சாகமாக எதையோ பேச, இவன் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்.

"இல்லைங்க சார். கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. டாக்டர் சொன்னதுக்காக இல்லைங்க. நான் ஆடி முடிச்சிட்டேன். இன்னைக்கு மத்தியானம்தான் முடிச்சேன்."

தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான். வருடம் முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஆர்லெட்டா எழுந்துபோய் முதுகோடு அவனைக் கட்டிக்கொண்டாள். அழுது முடிக்கட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றாள். பையும் பூவும் பெஞ்சின்மேல் கிடந்தன.